மறு: பாஸ்கீ – கடவுச்சொல்லா, கடவுச்சாவியா?

> பாஸ்கீயும் ஒருவகைக் கடவுச்சொல்தானே? ‘மறைகடவுச்சொல்’ என்று வைத்தால் மக்களுக்குச் சட்டென்று புரியும். புதுச் சொல் எதற்கு?

வணக்கம் ஐயா,

கடவுச்சொல் இல்லாமலே கைப்பேசியைக் கொண்டு இணையதளங்களில் நுழையும் முறையான பாஸ்கீக்கு (passkey) தமிழ்ப்பெயர் வைக்கும்போது, பழகிய சொல்லை ஒட்டியே போகலாம் என்பது நல்ல எண்ணம்தான். ‘கடவு’ இருக்கட்டும். ‘சொல்’ மட்டும் வேண்டாம் என்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்திலிருந்தே கடவுச்சொல்லின் இயல்பு மாறவில்லை. நமக்கும் எதிர்முனைக்கும் பொதுவான ரகசியம் அது. கேட்டால் சொல்ல வேண்டும். சொல்ல முடிகிற எதையும் பிறர் கேட்டு வாங்கிவிடலாம். ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கும் இதே கதிதான். “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று தொலைபேசியில் கேட்டுத்தானே எத்தனையோ பேரின் பணத்தை எடுக்கிறார்கள்!

பாஸ்கீயில் சொல்வதற்கு எதுவுமே இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக ஒரு சாவி இணை (ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு மின்னணுச் சாவிகள்) உருவாகிறது. பொதுச்சாவி தளத்திடம் போகிறது, தனிச்சாவி நம்மிடம் தங்குகிறது. நுழையும்போது தளம் புதிதாக ஒரு எண்ணை அனுப்பும். நாம் விரல்ரேகையோ முகமோ காட்டியதும் கைப்பேசி அந்த எண்ணில் தனிச்சாவியால் கையொப்பமிட்டு அனுப்பும். தளம் அதைத் தன்னிடமுள்ள பொதுச்சாவியால் சரிபார்க்கும். தளத்தின் தரவுத்தளம் திருடு போனாலும் கிடைப்பது பொதுச்சாவி மட்டும். அதை வைத்து யாரும் உள்ளே வர முடியாது. வங்கியைப் போலவே ஒரு போலித் தளம் செய்து வைத்தாலும் முகவரி வேறு என்பதால் கைப்பேசி கையொப்பமே இடாது. நாம் ஏமாந்தாலும் அது ஏமாறாது. இதற்குப் போய்ச் ‘சொல்’ என்று பெயர் வைத்தால், வயதான ஒருவர் அதை எங்கே எழுதி வைப்பது என்று தேடுவார். யாராவது கேட்டால் சொல்லவும் முயல்வார்.

ஆகவே என் முன்மொழிவு: கடவுச்சாவி.

இழையில் வந்த மற்ற இரண்டையும் பார்த்தேன். ‘கடவுவிசை’ வேண்டாம், விசைப்பலகையில் ஏற்கெனவே விசை இருக்கிறது, இயற்பியலிலும் இருக்கிறது. ‘கடவுத்திறவுகோல்’ அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் வேற்றுமை உருபும் சேர்ந்தால் கைப்பேசிப் பொத்தானில் அடங்காது. சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்ற தயக்கம் எனக்கு இல்லை. ஜன்னலும் அலமாரியும் அப்படி வந்தவைதான், இன்று அவை இல்லாத தமிழ் வீடு ஏது? தவிர பொதுச்சாவி, தனிச்சாவி, கடவுச்சாவி என்று ஒரே குடும்பமாக நிற்கும்.

2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் இந்த முறைக்கு ஆதரவை விரிவாக்குவதாகச் சேர்ந்து அறிவித்த பிறகு இது வேகமாகப் பரவிவருகிறது. தாமதித்தால் ‘பாஸ்கீ’ என்றே நிலைத்துவிடும்.

அப்புறம், மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கடவுச்சாவியை உள்ளிடவும்’ என்று எங்கும் எழுத வேண்டாம், உள்ளிட அங்கே எதுவும் இல்லை. ‘கடவுச்சாவியால் நுழைக’ என்றால் போதும்.