கோர்ட்டினாவில் வி6 ஏற்றிய பிறகு 80 கிலோமீட்டரில் உறுமல்: எஞ்சின் கோணமா, ப்ராப்ஷாஃப்டா?

சாட்ஸ்வொர்த் கோர்ட்டினா:

வணக்கம். ஃபோர்ட் கோர்ட்டினா மார்க் 2 கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு ஃபோர்டின் 3.0 லிட்டர் எசெக்ஸ் வி6 (ஆறு சிலிண்டர்) ஏற்றியாகிவிட்டது. வண்டி ஓடுகிறது. ஆனால் மணிக்கு 75 முதல் 95 கிலோமீட்டர் வரை இருக்கைக்கு அடியில் ஓர் உறுமல். டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுகிறது, காலை எடுத்தால் அடங்குகிறது. டயர்களை பேலன்ஸ் செய்தாகிவிட்டது. ப்ராப்ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டை) நீளம் சுருக்கிய பட்டறையே அதையும் பேலன்ஸ் செய்து தந்தது.

சம்ப் (எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) குறுக்குச் சட்டத்தில் இடித்ததால் எஞ்சினின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி மவுண்டிங்கைப் பற்றவைத்தேன். ஸ்டீயரிங் பெட்டிக்கு இடம் வேண்டி எஞ்சினை 15 மி.மீ. பயணி பக்கம் தள்ளியும் வைத்திருக்கிறேன். இந்தத் தள்ளல்தான் காரணமா? மவுண்டிங்கை மறுபடி வெட்டி எடுக்க மனம் வரவில்லை.

வெருலம் பக்கி:

அண்ணா, 90-இல் போகும்போது நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். எஞ்சின் ஐட்லில் இருக்கும்போதும் உறுமினால் குற்றம் கியர்பாக்ஸுக்குப் பின்னால். சத்தம் அடியோடு நின்றால் கிளட்ச், ஃப்ளைவீல் பக்கம் தேடலாம். சாலை காலியாக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

சாட்ஸ்வொர்த் கோர்ட்டினா:

செய்தேன். குறைகிறது, ஆனால் நிற்கவில்லை.

பழைய ஃபிட்டர்:

தம்பி, வெட்டும் மெஷினை ஓரமாக வையுங்கள். கார்களை மாற்றிக் கட்டிய பேசில் கிரீன் இதே கோர்ட்டினாவில் இதே எஞ்சினை வைத்துப் பெரானா என்று விற்ற நாடு நம் தென்னாப்பிரிக்கா. இடம் போதும், கோணம்தான் பார்க்க வேண்டும்.

ஷாஃப்டின் முன்னும் பின்னும் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட் (சாய்ந்தும் சுழல விடும் மூட்டு) கோணத்தில் சுழலும்போது, உள்ளே போகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே வருகிற வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். முன் ஜாயின்ட் உண்டாக்குகிற இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் நேர் செய்ய வேண்டும். இரண்டின் கோணமும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் (ஜாயின்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருப்பதும் அவசியம். சுருக்கி வெல்டிங் செய்யும்போது அது திரும்பிவிடுவது உண்டு. முதலில் அதைக் கண்ணால் பாருங்கள், செலவில்லாத சோதனை.

உங்கள் டயர் 175/70 ஆர்13, டிஃப் (பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் கியர்) விகிதம் 3.77 என்று வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டரில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,800 முறை சுற்றுகிறது. அதன் இரண்டு மடங்கு என்றால் வினாடிக்கு 93 அதிர்வு. அதைத்தான் உறுமலாகக் கேட்கிறீர்கள். டயர் பேலன்ஸ் கெட்டிருந்தால் இந்த வேகத்தில் வினாடிக்குப் பன்னிரண்டு சொச்சம்தான், ஸ்டீயரிங் நடுங்கும்.

15 மி.மீ. தள்ளலைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலிருந்து பார்க்கையில் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) கோடும் பினியன் (டிஃபுக்குள் நுழையும் பல்சக்கரத் தண்டு) கோடும் இணையாக இருந்தால் போதும், ஒரே கோட்டில் இருக்க வேண்டியதில்லை. கிராங்க் புல்லியின் மையத்திலிருந்தும் கியர்பாக்ஸ் வால் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். அந்தக் கோடு பின் அச்சுக்குச் செங்குத்தாக வர வேண்டும்.

பக்கத்திலிருந்து பார்க்கையில் தெரியும் சரிவுக் கோணத்தை அளக்கும்போது சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். அச்சு தொங்கினால் எல்லா எண்ணும் பொய். கார்புரேட்டர் உட்காரும் முகத்தில் பாகைமானியை வைக்காதீர்கள், எஞ்சின் சரிவை ஈடு செய்ய அதைச் சாய்த்தே கடைந்திருப்பார்கள். கிராங்க் புல்லியின் முகம், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளேஞ்சின் முகம், இந்த மூன்று போதும்.

சாட்ஸ்வொர்த் கோர்ட்டினா:

ஐயா, யோக்குகள் ஒரே தளத்தில்தான் இருக்கின்றன. தரைக் கோடும் சரி. கிராங்க் பின்னோக்கி 5 டிகிரி சரிகிறது, ஷாஃப்ட் 2, பினியன் 1.

பழைய ஃபிட்டர்:

அகப்பட்டுவிட்டது. முன் ஜாயின்ட் 3 டிகிரி, பின் ஜாயின்ட் 1 டிகிரி. இரண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, ஒவ்வொன்றும் 3-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதற்காகப் பூஜ்யமாக்கியும் விடாதீர்கள். கோணமே இல்லாவிட்டால் ஜாயின்டுக்குள் உள்ள ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும்.

கியர்பாக்ஸ் மவுண்டிங்கின் அடியில் 10 மி.மீ. தகடு கொடுத்து வாலை உயர்த்துங்கள், கிராங்க் சரிவு ஏறக்குறைய முக்கால் டிகிரி குறையும். பிறகு லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டேகால் டிகிரி ஆப்பு வைத்துப் பினியன் மூக்கைத் தூக்குங்கள். ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். பினியனைக் கிராங்குக்குச் சரியாக இணையாக்காமல் ஒரு டிகிரி குறைத்து நிறுத்துங்கள். மிதிக்கும்போது ஸ்பிரிங் முறுக்கி மூக்கு தானாக மேலே எழும், அப்போது சமமாகிவிடும்.

டோங்காட் லேத்:

பெல் ஹவுசிங்கையும் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) ஒரு முறை பாருங்கள் தம்பி, குறிப்பாக அது வேறு வண்டியிலிருந்து வந்திருந்தால். ஃப்ளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய அலைவைக் காட்டும் முள்மானி) கட்டி, கியர்பாக்ஸ் உட்காரும் துளைக்குள் முள்ளை வைத்துக் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மொத்த அலைவு 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 0.30 காட்டினால் ஹவுசிங் அதில் பாதி, அதாவது 0.15 விலகி நிற்கிறது. மையம் தள்ளிய டவல் (ஹவுசிங்கை அதன் இடத்தில் நிறுத்தும் முளை) போட்டு அதைச் சரி செய்யலாம். இதை விட்டுவிட்டால் உறுமல் போனாலும் கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

சாட்ஸ்வொர்த் கோர்ட்டினா:

இரண்டையும் செய்து முடித்தேன். அக்கா, ஹவுசிங் 0.10 காட்டியது, தொடவில்லை. தகடும் ஆப்பும் போட்ட பிறகு கிராங்க் 4.3, ஷாஃப்ட் 2, பினியன் 3.3. மூக்கு உயர்ந்ததில் ஷாஃப்டின் பின்முனையும் ஏறி, தகட்டால் கூடிய சரிவைச் சமன் செய்துவிட்டது போலும். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் முழுக்க மிதித்தும் உறுமல் இல்லை. என் 2 நெடுஞ்சாலையில் 110 வரை போனேன், மெல்லிய ரீங்காரம் ஒன்று மட்டும் கேட்கிறது, மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி.

பழைய ஃபிட்டர்:

மிதிப்புக்கு மாறாத ரீங்காரம் டிஃப் கியரின் சத்தமாக இருக்கலாம், எண்ணெய் அளவைப் பாருங்கள். ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸ் வாலுக்குள் முன்பின் நகரும் ஷாஃப்ட் முனை) இன்னும் 20, 25 மி.மீ. உள்ளே போக இடம் இருக்கிறதா என்றும் பின்சீட்டில் இருவரை உட்கார வைத்து அளந்துவிடுங்கள். ஆப்பு வைத்த யூ போல்ட்டுகள் சில நாள் ஓட்டத்தில் தளரும், மறுபடி இறுக்க வேண்டும்.