லேப் ரிப்போர்ட், ஸ்கேன் ஃபைல்கள்: டேட்டாபேஸிலா, டிஸ்கிலா?

கோடுகிறுக்கி:
60 படுக்கை மருத்துவமனை. ஒரே லினக்ஸ் சர்வர், போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ். தினமும் 300 லேப் பிடிஎஃப் (தலா 150–400 கேபி), கொஞ்சம் எக்ஸ்ரே, சில சிடி ஸ்கேன். எல்லாவற்றையும் டேட்டாபேஸிலேயே பைட்டியா (பைட்டுகளை அப்படியே சேமிக்கும் வகை) காலமில் போடு என்கிறார் ஒருவர். ஃபைலாக வைத்துப் பாதையை மட்டும் டேபிளில் எழுது என்கிறார் இன்னொருவர். டிஸ்க் முழுக்க லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் பூட்டு) என்கிரிப்ஷன் இருக்கிறது. அது போதாதா?

டோஸ்ட்மாஸ்டர்:
போதாது. டிஸ்கை யாராவது கழற்றிக்கொண்டு போனால்தான் லக்ஸ் உதவும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே புகுந்தவனுக்கு எல்லாமே திறந்துதான் கிடக்கும்.

உங்கள் பிடிஎஃப்களை டேட்டாபேஸிலேயே வைக்கலாம். ஆண்டுக்கு 30 ஜிபி சொச்சம்தான் வரும். ரிப்போர்ட் ரோவும் (டேபிளில் ஒரு வரி) ஆவணமும் ஒரே டிரான்சாக்‌ஷனில் ஏறும், பாதி எழுதி நிற்கிற பேச்சே இல்லை. ஆவணத்துக்குத் தனி டேபிள் போடுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் 'செலக்ட் ஸ்டார்' (எல்லாக் காலமும் கொடு) அடித்துப் பட்டியல் பக்கத்தையே படுக்க வைத்துவிடுவார்.

சிடி ஸ்கேன் அப்படியல்ல. ஒரு ஸ்டடியே நூற்றுக்கணக்கான எம்பி போகும். பைட்டியாவின் உச்ச வரம்பு 1 ஜிபி. அதைத் தொடுவதற்கு முன்பே மெமரி திணறும், ஏனென்றால் மதிப்பு முழுசாகத்தான் மெமரிக்கு வரும். பேக்கப் எடுக்கும் பிஜி-டம்ப் அதை ஹெக்ஸாக (பைட்டுக்கு இரண்டு எழுத்து) எழுதுவதால் சுருக்காத டம்ப் இரண்டு மடங்காகும். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் 2006இல் தன் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸை வைத்துச் சோதித்தபோது 256 கேபிக்குக் கீழே டேட்டாபேஸும், 1 எம்பிக்கு மேலே ஃபைல் சிஸ்டமும் முந்தின. பழைய கணக்குதான், ஆனாலும் உங்கள் அளவுகளுக்குப் பொருந்துகிறது.

சாவிக்கொத்து:
எங்கே வைத்தாலும் அப்ளிகேஷனிலேயே என்கிரிப்ட் செய்துவிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் புதிய 256 பிட் சாவி, ஏஇஎஸ்-ஜிசிஎம் (பூட்டுவதோடு, யாராவது மாற்றினால் காட்டியும் கொடுக்கும் என்கிரிப்ஷன் முறை). அந்தச் சாவியை மாஸ்டர் சாவியால் பூட்டி டேபிளில் வையுங்கள். மாஸ்டர் சாவி வேறு மெஷினில், வால்ட் மாதிரி சாவிக் காப்பகம் ஒன்றில் இருக்கட்டும். அதே சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் போட்டால் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டிய கதைதான்.

ஜிசிஎம்மின் கூடுதல் தரவு இடத்தில் (பூட்டப்படாது, ஆனால் திறக்கும்போது சரிபார்க்கப்படும்) நோயாளி எண், ஆவண எண் இரண்டையும் கொடுங்கள். ஒருவருடைய ரிப்போர்ட்டை இன்னொருவர் ரோவுக்கு மாற்றி வைத்தால் திறக்கவே திறக்காது.

போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே என்கிரிப்ட் செய்யும் பிஜிகிரிப்டோ வேண்டாம். சாவி குவெரியோடு சேர்ந்து சர்வருக்குப் போகிறது. மெதுவான குவெரிகளின் லாகில் அப்படியே பதிந்துவிடலாம். இன்னொன்று: என்கிரிப்ட் ஆன தரவு சுருங்காது. அந்தக் காலமுக்கு ஸ்டோரேஜ் 'எக்ஸ்டர்னல்' (சுருக்காமல் தனியே வை) என்று வைத்தால் வீணாகச் சுருக்கிப் பார்க்கும் வேலை மிச்சம்.

இரவுப்பணி:
சிடி ஃபைல்களுக்கு: அதே பார்ட்டிஷனில் தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் (டிஸ்கில் உண்மையிலேயே எழுத வைக்கும் கட்டளை), பிறகு ரீநேம், ஃபோல்டருக்கும் ஒரு எஃப்சிங்க், கடைசியில்தான் டேட்டாபேஸ் கமிட் (பதிவை உறுதி செய்வது). நடுவில் கரண்ட் போனால் அநாதை ஃபைல் ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். வரிசை மாறினால் ரோ இருக்கும், ஃபைல் இருக்காது. பேக்கப்பும் இதே காரணத்தால் முதலில் டேட்டாபேஸ், பிறகு ஃபைல்கள். அது முடியும்வரை எந்த ஃபைலையும் அழிக்காதீர்கள்.

ஃபைல் பெயரில் நோயாளி பெயர் கூடாது, லாகெல்லாம் அது பரவும். யூயுஐடி (தற்செயலான தனி அடையாள எண்) போதும்.

பலர் கவனிக்காத ஓட்டை: அப்லோட் பெரிதாக இருந்தால் முன்னால் நிற்கும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் அதை முதலில் தன் டெம்ப் ஃபோல்டரில் எழுதும். அது என்கிரிப்ட் ஆகாத அசல். அந்த ஃபோல்டரை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்) வையுங்கள், ஸ்வாப்பையும் (மெமரி நிரம்பினால் டிஸ்கில் எழுதும் இடம்) என்கிரிப்ட் செய்யுங்கள்.

கோடுகிறுக்கி:
நன்றி. ஒரு ஆவணத்தை அழித்தால் பழைய பேக்கப்பில் இருப்பது என்னாகும்?

சாவிக்கொத்து:
அந்த ஆவணத்தின் சாவியை அழித்தால் பேக்கப்பில் இருப்பது வெறும் குப்பை. ஆனால் சாவி டேபிளும் அதே பேக்கப்பில் இருந்தால் பயனில்லை. சாவி டேபிளைத் தனி டேட்டாபேஸில் வைத்து, அதன் பேக்கப்பைக் குறுகிய காலமே வைத்திருங்கள், இரண்டு இடங்களில். சாவி டேபிள் தொலைந்தால் எல்லா ரிப்போர்ட்டும் தொலைந்தது. அழிக்கும் முன் சட்டத்தையும் பாருங்கள்: 2002 மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி உள்நோயாளி பதிவேடுகள் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு இருந்தாக வேண்டும்.