திக்குக்கட்டா, வட்டக்களரியா?

அன்பின் நண்பர்களுக்கு,

விக்கா என்னும் நவீன மாந்திரிகச் சமயத்தின் வழிபாட்டுச் சொற்களைத் தமிழாக்கும் பட்டியலில் 'காஸ்டிங் எ சர்க்கிள்' (சடங்குக்கு முன் சுற்றிவர வட்டம் இடுவது) என்பதற்குத் தம்பி 'திக்குக்கட்டு', அதாவது மந்திரத்தால் திசைகளைக் கட்டுவது, என்று போட்டிருக்கிறார். மட்டக்களப்பில் மந்திரம் தெரிந்த எவருக்கும் உடனே விளங்கும். ஆனால் கட்டு என்பது வெளியில் நிற்பது உள்ளே வராமல் அடைப்பது. விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் 1954இல் எழுதியதோ நேர்மாறு: பழைய மாந்திரிகர்கள் ஆவிகளைத் தடுக்க வட்டம் கீறினார்கள், விக்காவில் வட்டம், உள்ளே எழுப்பிய சக்தி சிதறாமல் இருக்க. (அந்த மனிசன் 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். மட்டக்களப்புப் பக்கம் வந்திருந்தால், ஊரார் நம்மைப் பற்றிச் சொல்வதுபோல, மந்திரத்தால் பாயோடு ஒட்டி இங்கேயே வைத்திருப்போம். நமக்கும் இந்தத் தலையிடி இல்லை.)

என் சொல் வட்டக்களரி, நம் ஊர்க் கூத்து ஆடுகிற வட்ட அரங்கு. மாமா பகல் முழுக்க வயலில் மண்வெட்டி பிடிப்பவர். இரவு வடமோடிக் கூத்தில் அவர்தான் திரௌபதை. வழித்த மீசையின் பச்சை, அரிதாரத்தையும் மீறித் தெரியும். ஆனாலும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் எழும்பி, மாமா களரிக்குள் சுற்றி வரத் தொடங்கினால் ஒருவரும் மாமாவைப் பார்ப்பதில்லை. களரியை விட்டு இறங்கி வந்து பிளேன்ரீ கேட்கும்போதுதான் மறுபடி மாமா.

பட்டியலில் பாதி பால்புதுமையினர் மரபுகளைப் பற்றியது என்பதால் இதைச் சொல்கிறேன். கார்ட்னர் வழியில் ஆணும் பெண்ணும் இணைந்தால்தான் சக்தி எழும். அதில் தனக்கு இடம் போதாமல்தான் எடி புசின்ஸ்கி 1977இல் நியூயோர்க்கில் ஆண்களை நேசிக்கும் ஆண்களுக்கென்று மினோவன் சகோதரத்துவத்தைத் தொடங்கினார். அவர்கள் போடுவதும் வட்டம்தான். அதற்குக் காவல் வாடை அடிக்கும் சொல்லை வைக்க எனக்கு மனமில்லை.

> அக்கா, களரி என்றால் கேரளத்துக் களரிப்பயிற்றுதானே நினைவில் வரும்? வினைச்சொல்லும் இல்லை.

ஓம், அதனால்தான் 'வட்ட' என்பதை வெட்டாமல் வைத்திருக்கிறேன். வினைக்கு 'வட்டக்களரி இடுதல்', முடிக்கும்போது 'களரி கலைத்தல்'. சரிவருமா?

> கலைத்தல் நல்லாயிருக்கு. அப்போ வட்டம் கீறுகிற கறுப்புப் பிடிக் கத்தி, அத்தாமே? 'மந்திரவாள்' என்று போட்டிருக்கிறேன்.

வேண்டாம் தம்பி. அதால் ஒரு கயிற்றைக்கூட வெட்டமாட்டார்கள், வாள் என்றால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும். 'சடங்குக்கத்தி' போதும்.