சாய்கிற பலகைக் கொட்டில்: பிரிக்கவா, நிமிர்த்தவா?

உப்புவெளிக்காரன்:
வீட்டுக்குப் பின்னால் வலையும் எஞ்சினும் வைக்க பத்தடிக்கு எட்டடியில் ஒரு பலகைக் கொட்டில். தெரிந்த ஒருவர் மலிவாகக் கட்டித் தந்தது. இந்த வருடம் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கியதிலிருந்து கதவைப் பூட்டவே முடியவில்லை, பார்த்தால் முழுக் கொட்டிலும் கடல் பக்கம் மூன்று அங்குலம் சாய்ந்து நிற்கிறது. உள்ளே நிலைக்கால் நாலடிக்கு ஒன்று, கீழ்ச்சட்டம் நேரே மணலில், கதவுக்கு மேலே ஒரே ஒரு பலகைத் துண்டு. ஆணியெல்லாம் துரு. மாரிக்கு முன் என்ன செய்யலாம்?

கன்னியா:
பிரித்துவிட்டுக் கல்லில் கட்டுங்கள். கடலோரத்தில் மரம் வீண் செலவு.

பழைய தச்சன்:
தம்பி, அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். முதலில் ஒரு கத்தியால் கால்களின் அடியைக் குத்திப் பாருங்கள், இறங்கவில்லை என்றால் மரம் நல்லது, கட்டினவர்தான் பிழை. நாலு சட்டத்தை ஆணியடித்துச் சேர்த்தால் அது தள்ளின பக்கம் சாயத்தான் செய்யும், மூலைக்கு மூலை ஒரு கட்டை விழுந்தால்தான் முக்கோணமாகி நிற்கும். உங்கள் கொட்டிலில் அது இல்லவே இல்லை. அந்தக் கட்டையைக் காற்று வந்து மோதுகிற சுவரில் போட்டுப் பலனில்லை, காற்றோடு நீளமாக ஓடுகிற இரண்டு பக்கச் சுவர்களிலும் போட வேண்டும். பலர் பிழை விடுகிற இடம் இதுதான்.

கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மேல்வளையில் (சுவருக்கு மேலே ஓடுகிற சட்டம்) கயிறு கட்டி எதிர்ப்பக்கத் தென்னையில் இழுங்கள். கயிற்றுக்குள் தடியை விட்டு முறுக்கினால் போதும், ஆள் பலம் தேவையில்லை. நேரானபிறகும் அரை அங்குலம் கூட இழுக்க வேண்டும், கயிறை விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். தூக்குக்குண்டை மட்டும் நம்பாமல் சுவரை மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே அளவு வந்தால் சதுரம். கட்டை அடிக்கும்வரை கயிறு அப்படியே இருக்கட்டும். அப்புறம் நாலடி இடைவெளிகளின் நடுவில் ஒவ்வொரு கால், கதவுக்கு மேலே இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டம் இரண்டை நாலங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கச் சேர்த்து, இரு பக்கமும் அதைத் தாங்கக் குட்டைக்கால்.

குச்சவெளி:
ஐயா சொன்னது சரி, ஆனால் மணலில் கிடக்கும் கீழ்ச்சட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த வருடம் கறையானுக்குத்தான் சாப்பாடு. ஒரு பக்கமாக ஜாக்கி வைத்து அரை அரை அங்குலமாகத் தூக்கி, ஒரு வரிசைக் கல் வைத்து, மேலே தடித்த பொலித்தீன் விரித்து, சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஆணி எல்லாம் நாகம் (துத்தநாகம்) பூசினதாக இருக்கட்டும், உப்புக்காற்றுக்கு மற்றது நிற்காது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது எங்கள் கொட்டில் சுவர் நின்றது, கூரைதான் தகரத்தோடு போய்விட்டது, ஏனென்றால் கைமரத்தை வளையோடு இரண்டு ஆணி மட்டுமே பிடித்திருந்தது. ஒவ்வொரு கைமரத்துக்கும் இரும்புப் பட்டி போடுங்கள்.

உப்புவெளிக்காரன்:
ஐயா, ஒரு சுவருக்கு ஒரு கட்டை போதுமா?

பழைய தச்சன்:
இரண்டு, எதிரெதிராகச் சாய்த்து. கச்சான் ஒரு பக்கம் தள்ளும், மாரிக்காற்று மறுபக்கம்.

உப்புவெளிக்காரன்:
சனி ஞாயிறு மச்சானையும் பிடித்து முறுக்கினோம், நேராகிவிட்டது. கல்லு வரிசை வருகிற கிழமை. கதவு மட்டும் இன்னும் அடியில் உரசுகிறது, பிணைச்சல் (கீல்) வளைந்து போயிருக்கிறது, புதிது வாங்க வேண்டும்.