யூசர் புரொபைல்: பயனர் சுயவிபரமா, பயனர் வளவா?
(கிழக்கிலங்கை ஊர்ப்பெயர்களில் நால்வர் உரையாடல்)

கல்முனை:
வணக்கம். கணினி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டும் வழிகாட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். விண்டோஸில் உள்நுழையும்போது யூசர் புரொபைலை ஏற்றமுடியவில்லை என்று வந்தால் என்ன செய்வது என்பதுதான் விடயம். 'சுயவிபரம்' என்றால் பிள்ளைகள் வேலைக்கு அனுப்பும் சுயவிபரக்கோவையை நினைக்கிறார்கள். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

காரைதீவு:
அது விபரமே இல்லை சேர். சீ டிரைவின் யூசர்ஸ் கோப்புறைக்குள் ஆளுக்கொரு கோப்புறை. டெஸ்க்டொப், ஆவணங்கள், படங்கள், அவரவர் அமைப்புகளைச் சுமக்கும் என்.ரி.யூசர்.டாட் கோப்பு எல்லாம் அதற்குள். வேலி அடைத்த தனியிடம். நம் பக்கத்தில் அதற்குப் பெயர் வளவு. வளை என்ற அடியில்தான் வளாகமும் பிறந்தது. புறநானூற்றில் 'தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி' என்று வருகிறது. பிறருக்குப் பொதுவாகாத இடம்! 'பயனர் வளவு' என்று போடுங்கள்.

மட்டக்களப்பு:
பாட்டு இனிக்கிறது ஐயா. ஆனால் திரையில் பிழை வந்த பிள்ளை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடும்? 'வளவு' என்று தேடினால் காணி விற்பனைதான் வரும். 'தற்காலிக வளவு' என்று எழுதி யாருக்கு விளங்கும்? அந்த நிலைதான் ஆபத்தானது: புரொபைல் ஏறாவிட்டால் விண்டோஸ் 'ரெம்ப்' என்ற தற்காலிகக் கோப்புறையில் உள்ளே விடும், அங்கே சேமித்ததெல்லாம் வெளியேறும்போது அழியும். பழகிய சொல்லாக இருந்தால்தான் எச்சரிக்கை உறைக்கும்.

அக்கரைப்பற்று:
சொல் எதுவானாலும் படிமுறை பிழைக்கக்கூடாது. வேறொரு நிருவாகிக் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ரியில் 'புரொபைல்லிஸ்ட்' பகுதியை முதலில் ஏற்றுமதி செய்து காப்பெடுக்கவேணும். கணக்கைக் குறிக்கும், எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரே இலக்கம் இரண்டு தடவை இருந்து, ஒன்றின் வாலில் 'டொட் பக்' (.bak) இருந்தால், அந்த வால் இல்லாததற்கு வேறு பெயர் வைத்து, மற்றதன் வாலை நீக்கவேணும். 'புரொபைல் இமேஜ் பாத்' சரியான கோப்புறையைக் காட்டுதா என்று பார்க்கவும். அதற்குள் 'ஸ்டேற்', 'ரெவ்கவுன்ற்' என்ற பெறுமதிகள் இருந்தால் 0 ஆக்கி மீளத் தொடக்கவும்.
இன்னொன்று: ரெஜிஸ்ரியின் பகுதிகளைச் சொல்லும் 'கீ'யைச் 'சாவி' என்று எழுதவேண்டாம். இங்கே அது திறப்பு.

காரைதீவு:
திறப்பு என்பது திறக்கும் செயலையும் குறிக்குமே நானா! 'விசை' என்றால் விசைப்பலகையோடு முட்டும். 'பதிவுக்கிளை' பொருந்தும், ரெஜிஸ்ரி மரம்போலக் கிளைப்பதுதானே. சொல்லாக்கத்தில் சோம்பக்கூடாது. சுவாமி விபுலாநந்தர் இந்த ஊரில் பிறந்து, 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்கே தலைமை தாங்கியவர். அவர் வழியில் வந்த நாம் இருக்கிற சொல்லையே ஒட்டிக்கொண்டு நிற்பதா?

மட்டக்களப்பு:
புதுச்சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடப்புத்தகத்திலும் திரையிலும் சேர்ந்து வந்தால்தான் அது நிலைக்கும். ஒரு சுவரில் மட்டும் வந்தால் பிள்ளை குழம்பும்.

கல்முனை:
நேரமில்லை. தலைப்பில் 'பயனர் சுயவிபரம்', பக்கத்தில் 'யூசர் புரொபைல்' என்று தமிழெழுத்தில் போடுகிறேன். மூன்று பேர் இதற்குச் சம்மதம். 'பதிவுக்கிளை'யை எடுத்துக்கொள்கிறேன்.

காரைதீவு:
என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும், வளவுதான் சரி. படிமுறையிலும் ஒரு குறை. கரண்ட் போய்க் கணினி சடுதியாக நின்றதாலோ வன்தட்டுப் பழுதாலோ என்.ரி.யூசர்.டாட் கெட்டிருந்தால் வாலை நீக்கிப் பயனில்லை. வன்தட்டைச் சோதிக்கும் 'செக்டிஸ்க்' ஓடவிட்டு, புதுக் கணக்குத் திறந்து, பழைய கோப்புகளை அதற்குள் நகலெடுக்கவேணும். ஆனால் என்.ரி.யூசர் என்று தொடங்கும் கோப்புகளை எடுக்கவே கூடாது. எடுத்தால் பழுதும் கூடவே வரும். இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள் சேர்.