எஃப்4 இந்தியா: பந்தல் நம்முது, பந்தியில உட்கார்றது யாரு?

பூந்தமல்லி_பைபாஸ் (திரியைத் தொடங்கியவர்):

ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, இன்னிக்குக் கொட்டிடறேன். உலக கார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ அங்கீகாரத்தோட நடக்குற ஃபார்முலா 4 (எஃப்4) இந்தியன் சாம்பியன்ஷிப்ல 2023ல பட்டம் வாங்கினது ஆஸ்திரேலியாவோட கூப்பர் வெப்ஸ்டர். 2024ல தென்னாப்பிரிக்காவோட அகீல் அலிபாய். அந்த 2024 சீசன் எங்கே நடந்துச்சு? சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக், சென்னை தீவுத்திடலைச் சுத்தின ரோடு, கோயம்புத்தூர் காரி ரேஸ் ட்ராக். எல்லாம் நம்ம மாநிலம். பந்தல் போட்டது நாம, பந்தியில உட்கார்ந்தது வேற ஆளு.

ஃபார்முலா 1க்குப் போக சூப்பர் லைசென்ஸ் வேணும். அதுக்கு மூணு சீசன்ல 40 புள்ளி சேர்க்கணும். எஃப்4 சாம்பியனுக்கு 12 புள்ளி. அந்த 12ஐ ரெண்டு தடவை ஃப்ளைட் ஏத்தி அனுப்பிட்டோம். என் கட்சி இதுதான்: வெளிநாட்டுப் பசங்க வரட்டும், ஓட்டட்டும், ரேஸ் கோப்பை வாங்கட்டும். சீசன் பட்டம் மட்டும் இந்திய ரேஸ் லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு.

காரி_மேடு:

பாஸ், பாஸ்போர்ட் பார்த்துப் பட்டம் கொடுத்தா அது தேசிய சாம்பியன்ஷிப். அது நமக்கு ஏற்கெனவே இருக்கு. எங்க கோவையில எல்ஜிபி ஃபார்முலா 4 வருஷக்கணக்கா ஓடுது, அங்கே சாம்பியன் எல்லாம் நம்ம பசங்கதான். அதனால எஃப்1க்கு யாராவது போனாங்களா?

பேரு ஒண்ணா இருக்கிறதால பலர் குழம்புறாங்க, அதையும் சொல்லிடறேன். எல்ஜிபி கார் இரும்புக்குழாயை வெல்டு பண்ணின சட்டம், ஸ்விஃப்ட் காரோட 1.3 லிட்டர் என்ஜின். எஃப்ஐஏ எஃப்4 கார் பிரான்ஸ்ல மிகால் கம்பெனி செய்யுற கார்பன் ஃபைபர் உடம்பு, டர்போ என்ஜின், தலைக்கு மேல ஹாலோங்கிற பாதுகாப்பு வளையம். ரெண்டும் வேற வேற மிருகம். முதல்ல சொன்னதுல ஜெயிச்சவன் ரெண்டாவதுல உட்கார்ந்ததும் ஜெயிச்சிடுவான்னு எதிர்பார்க்கிறது அநியாயம். வெளிநாட்டுக்காரன் பக்கத்துல ஓடினாத்தான் நம்ம பையன் எங்கே நிக்கிறான்னே தெரியும்.

சிவானந்தா_சாலை:

யாரு ஜெயிச்சா எனக்கென்ன? 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ரெண்டு நாளும் நான் ஆபீஸ்லேருந்து வீட்டுக்குப் போன கதையை எழுதினா தனித் திரி வேணும். மூன்றரை கிலோமீட்டர் ட்ராக்குக்காக அண்ணா சாலையைத் தொட்டு, நேப்பியர் பாலத்தைத் தொட்டு வேலி. அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர்ல வெச்சிருந்தாங்க, மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போச்சு. ஊரே தண்ணியில மிதக்கும்போதுதான் ரேஸ் தேதி குறிச்சிருந்தோம்னு அப்புறம் தெரிஞ்சுது. அரசு செலவு பண்ணின 42 கோடி கேஸ் உயர் நீதிமன்றத்துல ஆரம்பிச்சு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

காரி_மேடு:

@சிவானந்தா_சாலை அதைத் தனித் திரியாவே போடுங்க, நானே வந்து லைக் போடறேன். தெரு ரேஸ் வேணுமா வேணாமாங்கிறது இங்கே கேள்வி இல்ல.

சிவானந்தா_சாலை:

உங்களுக்கு இல்ல. எங்களுக்கு அது மட்டும்தான் கேள்வி. சரி, பேசுங்க, நான் ஓரமா நின்னு பார்க்கிறேன். ரோட்டைக் கடக்க முடியாம நின்னு நின்னு பழகிடுச்சு.

பூந்தமல்லி_பைபாஸ்:

காரி அண்ணே, "பக்கத்துல ஓடினா கத்துக்குவான்"னு முப்பது வருஷமா சொல்றோம். எம்ஆர்எஃப் டயர் கம்பெனி நடத்தின எம்ஆர்எஃப் சேலஞ்ச் ரேஸ் தொடர் ஞாபகம் இருக்கா? 2016-17ல மைக்கேல் ஷூமாக்கரோட பையன் மிக் வந்து ஓட்டினார். 2017-18ல சாம்பியன் ஃபெலிப்பே ட்ருகோவிச், அப்புறம் 2022ல எஃப்1க்கு ஒரு படி கீழ இருக்கிற எஃப்2ல சாம்பியனே ஆயிட்டார். 2018-19ல துபாய், பஹ்ரைன் சுத்தி கடைசிச் சுத்து நம்ம இருங்காட்டுக்கோட்டை. அங்கே ஜேமி சாட்விக் பட்டம் அடிச்சாங்க, அந்த சாம்பியன்ஷிப்பை ஜெயிச்ச முதல் பெண். அதே 2019ல பெண்களுக்கான டபிள்யூ சீரிஸ்லயும் முதல் சாம்பியன். கைதட்டினேன், மறுக்கல. ஆனா பாருங்க, ஐரோப்பாவுல பனி கொட்டும்போது அவங்க பிள்ளைங்க பிராக்டிஸ் பண்ண வர்ற இடமா ஆயிட்டோம். நாம வாடகை வீட்டுக்காரன் இல்ல, வீட்டு ஓனர். ஆனா மாடியில வாழுறது அவங்க.

சோழவரம்_ரன்வே:

தம்பிகளுக்கு வணக்கம். நான் சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் பார்த்த காலத்து ஆள். யுத்த காலத்துல போட்ட ரன்வே. வைக்கோல் கட்டுக்குப் பின்னாடி நின்னுதான் பார்ப்போம், அவ்வளவுதான் பாதுகாப்பு.

ஒரு விஷயம் விட்டுட்டீங்க. நாராயண் கார்த்திகேயன் எதுல ஆரம்பிச்சார்? ஃபார்முலா மாருதி. மாருதி 800 என்ஜினை வெச்சு கோவை கரிவரதன் உள்ளூர்லயே கட்டின கார். அப்புறம் பிரான்ஸ்ல ரேஸிங் ஸ்கூல், இங்கிலாந்து, 1996ல ஃபார்முலா ஏஷியா பட்டம், 2005ல ஜோர்டன் டீமோட எஃப்1. நம்ம மெட்ராஸ் பையன் கருண் சந்தோக் 2001ல ஃபார்முலா ஏஷியா சாம்பியன், 2010ல எஃப்1. ரெண்டு பேரும் வெளியில போய் வெளிநாட்டுக்காரனை ஜெயிச்சாங்க. இப்போ அந்த வெளிநாட்டுக்காரனே ஸ்ரீபெரும்புதூர் வர்றான். டிக்கெட் செலவு மிச்சம்னு நினைக்காம கதவைச் சாத்தணும்னு சொன்னா எப்படி?

பூந்தமல்லி_பைபாஸ்:

ஐயா, நீங்க சொன்ன ரெண்டு பேர் வீட்டுலயும் முன்னாடியே கார் ரேஸ் இருந்துச்சு. நாராயணோட அப்பா ரேலி சாம்பியன். கருணோட தாத்தா காலத்துலேருந்து ரேஸ் குடும்பம். அது இல்லாத பையனுக்கு என்ன வழி? அதைத்தான் கேக்குறேன்.

மஞ்சள்_கொடி:

நான் மார்ஷல், ட்ராக் ஓரம் நின்னு ஓட்டுறவங்களுக்குக் கொடி காட்டுற ஆள். பத்து வருஷத்துக்கு மேல இருங்காட்டுக்கோட்டையில கொடி பிடிச்சிருக்கேன். காலையில ஆறு மணிக்கு ஆரஞ்சு ஓவரால் மாட்டினா சாயந்திரம் கழட்டும்போது உப்பு பூத்திருக்கும். புளிசாதப் பொட்டலத்துக்கு எறும்பு முந்திக்கும். பெரும்பாலும் இந்த மாதிரி சண்டைக்குள்ள வரமாட்டேன். ஆனா காதால கேட்டதைச் சொல்லணும்.

ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு பிரேக் பிடிக்கிற ஒரு வளைவுல என் போஸ்ட். அங்கே நின்னா காரைப் பார்க்கவே வேணாம், கண்ணை மூடிக்கிட்டே யாரு வேகம்னு சொல்லிடலாம். வெள்ளிக்கிழமை முதல் பிராக்டிஸ். தூரம் காட்டுற பலகை வர்றதுக்கு முன்னாடியே நம்ம பையனோட என்ஜின் சத்தம் இறங்கிடும். அடுத்து வெளிநாட்டுப் பையன். பலகையைத் தாண்டியும் சத்தம் இறங்காது. எனக்கே கால் தன்னால பின்னாடி போகும், க்ராவல்ல வந்து விழப்போறான்னு. விழமாட்டான்.

சனிக்கிழமை மதியம் அதே இடம். நம்ம பையனுக்கும் பலகை வரைக்கும் சத்தம் வருது. ஞாயிறு ரேஸ்ல ரெண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே கஷ்டமா இருந்துச்சு. பெங்களூரு ரூஹான் ஆல்வா மாதிரி பசங்க இந்த சாம்பியன்ஷிப்ல ரேஸே ஜெயிச்சிருக்காங்க. வேகம் இல்லாம இல்ல. வெள்ளிக்கிழமையே அது வரலைங்கிறதுதான் விஷயம். நீங்க சொல்ற மாதிரி பட்டத்தைப் பிரிச்சு வெச்சா அந்த வெள்ளிக்கிழமை சத்தம் எவனுக்கும் உறைக்காது.

காரி_மேடு:

இதுக்கு மேல நான் என்ன எழுத.

கார்ட்_அப்பா:

ரெண்டு பக்கமும் பாதிதான் சொல்றீங்க. எனக்கு 13 வயசுப் பையன். எஃப்4ல உட்கார 15 ஆகணும், இன்னும் ரெண்டு வருஷம். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் பக்கத்துலயே இப்போ மிகாங்கிற கார்ட் (குட்டி ரேஸ் கார்) ட்ராக் வந்திருக்கு, அங்கே கூட்டிட்டுப் போறேன். ஞாயிறு ராத்திரி மொட்டை மாடியில நான் செயினைப் பெட்ரோல்ல ஊறப்போட்டு பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். அவன் பனியனைத் தூக்கி விலாவுல சீட் அமுக்கின இடத்தைக் காட்டுவான், கத்தரிக்காய் கலர்ல இருக்கும். அவங்கம்மாவுக்குத் தெரியாது (இந்தத் தளம் பக்கம் வரமாட்டாங்கன்னு நம்பிக்கை). புது டயர் எப்போ போடறதுங்கிறதை எங்க வீட்டுல கரண்ட் பில் வந்தப்புறம்தான் முடிவு பண்ணுவோம்.

மார்ஷல் சார் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை வித்தியாசம் எங்கேருந்து வருது? ஐரோப்பாவுல எட்டு வயசுப் பையன் வாராவாரம் கார்ட் ஓட்டுறான். 15 வயசுல இங்கே வரும்போது அவன் ஆயிரக்கணக்கான லேப் பார்த்தவன். கூப்பர் வெப்ஸ்டர் இங்கே வர்றதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாவுல எஸ்5000 ஓட்டினவர். 5.2 லிட்டர் வி8 என்ஜின்! அதுலேருந்து இறங்கி 1.3 லிட்டர் எஃப்4ல உட்கார்ந்தா, லாரி ஓட்டினவர் ஆட்டோவுல ஏறின மாதிரி. இது நாடு பிரச்சினை இல்லீங்க, அனுபவப் பிரச்சினை. பெரிய கார் ஓட்டிட்டுக் கீழே இறங்கி வர்றவங்களுக்குப் பட்டப் புள்ளி வேணாம். எந்த நாட்டுப் பையனா இருந்தாலும் எஃப்4தான் அவனுக்கு முதல் படின்னா, வரட்டும்.

பூந்தமல்லி_பைபாஸ்:

இது எனக்கு ஒத்துக்கலாம் போல இருக்கு. நான் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட இதான்.

காரி_மேடு:

இல்ல, நீங்க சொன்னது லைசென்ஸ் எந்த நாடுன்னு. மேல போய்ப் படிச்சுப் பாருங்க 🙂 கார்ட்_அப்பா, உங்க விதியிலயும் ஒரு ஓட்டை இருக்கு. எஃப்4 கார்லயே வேற நாட்டுல ஒரு சீசன் முழுக்க ஓட்டிட்டு இங்கே வர்றவனை என்ன செய்வீங்க? அவனுக்கு இது முதல் படிதான், ஆனா ரெண்டாவது தடவை ஏறுறான். வி8 கதையை விட அதுதான் அதிகம் நடக்கும்.

கார்ட்_அப்பா:

நியாயம்தான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒண்ணு. ஒரு வார இறுதி ரேஸ் நடத்த ஆகுற செலவுல கொஞ்சத்தை எடுத்து 12, 13 வயசுப் பசங்களுக்கு மாசம் ரெண்டு நாள் கார்ட் ட்ராக்கைச் சும்மா திறந்துவிட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு இந்தத் திரியே தேவைப்படாது.

சிவானந்தா_சாலை:

அப்பாடா, முதல் தடவையா இந்தத் திரியில ஒருத்தர் சொன்னதுக்கு நான் ஆமாம் போடறேன். இருங்காட்டுக்கோட்டையில எத்தனை நாள் வேணும்னாலும் திறங்க. அது என் ரூட்டுல இல்ல. சிரிக்காதீங்க, தீவுத்திடல் ரேஸ் நடுவுல நாய் ஓடினா என்ன பண்ணுவீங்கன்னு எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கு.

சோழவரம்_ரன்வே:

அம்மா / ஐயா, யாரா இருந்தாலும் சரி, 2011ல டெல்லி பக்கத்துல கோடி கோடியா கொட்டிக் கட்டின புத்த் சர்க்யூட்லயே எஃப்1 பிராக்டிஸை நாய் வந்து நிறுத்திடுச்சு. நாய்க்கு எஃப்1, எஃப்4 வித்தியாசம் தெரியாது.

மஞ்சள்_கொடி:

@கார்ட்_அப்பா அடுத்த எஃப்4 சுத்துக்குப் பையனைக் கூட்டிட்டு வாங்க. போஸ்ட் பக்கம் விடமாட்டாங்க, ஸ்டாண்ட்லதான் உட்காரணும். மொபைல்ல வீடியோ எடுக்க விடாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு எந்தக் கார் எப்போ சத்தத்தை விடுதுன்னு எண்ணச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமையே வாங்க, ஞாயிறு வந்தா பிரயோஜனம் இல்ல.

கார்ட்_அப்பா:

வெள்ளிக்கிழமை ஸ்கூல் இருக்கே சார். சரி, வயித்துவலின்னு லீவ் லெட்டர் எழுதிக்கிறேன். பஸ்ல வந்தா இருங்காட்டுக்கோட்டையில எங்கே இறங்கணும்?

பூந்தமல்லி_பைபாஸ்:

பஸ் எதுக்கு? நானும் அந்த வெள்ளிக்கிழமை வர்றேன், பூந்தமல்லி டிப்போ பக்கம் ரெண்டு பேரும் நில்லுங்க, ஏத்திக்கிறேன். ஆனா பட்டம் விஷயத்துல நான் இன்னும் இறங்கி வரல, வண்டியில ஏறினதும் மறுபடியும் ஆரம்பிப்பேன்.