ஆர்.என்.ஏ. நொதி டி.என்.ஏ.வைத் திருத்துவது எப்படி?

கோத்தகிரி ஆசிரியை:
பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். ஈ.கோலை பாக்டீரியாவின் டாட்-ஏ நொதி இயல்பில் டி.ஆர்.என்.ஏ.வில்தான் (புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் ஆர்.என்.ஏ.) வேலை செய்யும் என்கிறார்கள். பிறகு அதைக் கொண்டே மனித மரபணுவில் எழுத்தை மாற்றுவது எப்படி? ஒரு மாணவி கேட்டாள்; நாளை சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் வீட்டில் கதிர் அரிவாள் இரத்தசோகை இருக்கிறது. மேலோட்டமாகச் சொல்ல மனம் வரவில்லை.

ஆய்வக மாணவன்:
டீச்சர், அந்த நொதியை அப்படியே எடுத்தால் டி.என்.ஏ.வில் வேலைக்காகாது. 2017இல் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியூவின் ஆய்வகத்தில் நிக்கோல் கௌடெல்லியும் குழுவினரும் அதைப் பாக்டீரியாவின் உயிர்ப் பிரச்சினையாக்கினார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் குளோராம்பெனிகால் மருந்தைத் தாங்க உதவும் மரபணுவில் ஓர் எழுத்தைக் கெடுத்து வைத்தார்கள். அங்குள்ள அடினினை (ஏ என்ற எழுத்து) ஜி ஆகத் திருத்தினால் பாக்டீரியா பிழைக்கும், இல்லையேல் சாகும். டாட்-ஏவில் கண்டபடி மாற்றங்களைப் புகுத்தி, வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் டி.என்.ஏ.வைப் பிடிக்கும், ஆனால் வெட்டும் திறன் இழந்த காஸ்9 புரதத்துடன் இணைத்து உள்ளே விட்டார்கள். பிழைத்தவற்றில் 108ஆம் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் மட்டும் இருக்கும் ஹைட்ராக்சிலைப் பிடிக்கும் இடம் அது என்று கருதப்படுகிறது. இப்படியே மாற்றுவதும் தேர்ந்தெடுப்பதுமாகத் தொடர்ந்து, ஏழாம் சுற்று முடிவில் நொதியில் 14 மாற்றங்கள்!

இதே முறையில் வேறொரு நொதியை நான் தேர்ந்தெடுத்து வருகிறேன். 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்த தட்டில் காலையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி (பிழைத்த பாக்டீரியாக் கூட்டம்), கடுகளவுதான். நொதியே இல்லாத ஒப்பீட்டுத் தட்டிலும் இரண்டு புள்ளிகள் இருந்தன. தற்செயலாகத் தாமே திருந்தியவை. ஆகவே என் புள்ளியை இன்னும் நம்பவில்லை, அதன் டி.என்.ஏ. வரிசையைப் படித்துப் பார்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டுத் தட்டை மாணவிக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
மிக்க நன்றி தம்பி. இன்னொன்று. 1952இல் எங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் பதிவான அதே கதிர் அரிவாள் நோயில் ஏ என்ற எழுத்து டி ஆகியிருக்கிறது. இந்த நொதியோ ஏவை ஜி ஆக்குவது. டியை மறுபடி ஏ ஆக்க முடியாதே?

ஆய்வக மாணவன்:
முடியாது. ஆனால் எதிர் இழையில் அந்த டிக்கு இணையாக ஏ இருக்கிறதல்லவா? நொதி அதை ஐனோசின் ஆக்கும். செல் அதை ஜி என்று படிக்கும். இந்தப் பக்கம் டி, சி ஆகிவிடும். ஜிடிஜி என்பது ஜிசிஜி. புரதத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் போய் அலனின் வரும். அது மக்காசர் ஹீமோகுளோபின், சிலருக்கு இயற்கையாகவே உண்டு, அதனால் சிவப்பணு அரிவாளாக வளையாது. 2021இல் நோயாளிகளின் இரத்தக் குருத்தணுக்களில் இதைச் செய்து, எலிகளில் பொருத்தியும் பார்த்தார்கள். கரும்பலகையில் இரண்டு இழைகளையும் எழுதுங்கள் டீச்சர். ஓர் இழையை மட்டும் எழுதினால் அந்தப் பெண்ணுக்குப் புரியாது.